புதுப்பனிப் பந்தயம்

கதவை உள்பக்கமாக இழுத்துத் திறந்தேன். வாசல் இருந்த இடத்தில் இன்னொரு கதவு நின்றது, முழுக்க வெள்ளையாக. எங்கள் கதவின் பலகை இடுக்கு, ஆணித்தலை, குறுக்குக் கட்டை எல்லாம் அதில் அப்படியே பதிந்திருந்தன. ஒரு நொடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்கு அந்தப் பக்கம் என் அக்காவின் கடைசி மகள் இருந்தாள். நாலு வயசு. பேர் மிஸ்னா.

அவள் அங்கே எப்படிப் போனாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதையும் மறைத்துச் சொல்ல எனக்கு இனி யோக்கியதை இல்லை. ஒரு தடவை மறைத்துப் பார்த்தாயிற்று.

அக்கா ஷமீமாவுக்கு நாலாவது பிரசவம். வலி தேதிக்கு முன்னாலேயே எடுத்துவிட்டது. அக்கா புருஷன் இம்தியாஸ் அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிடுவதாகச் சொன்னார். நான் ஸ்ரீநகரில் கணக்கு டீச்சர். குளிர்கால லீவு என்பதால் ஒத்தாசைக்கு இந்த ஊருக்கு வந்திருந்தேன். ஜீப் மேட்டைத் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, பனி விழத் தொடங்கியது. அந்த வருஷத்தின் முதல் பனி. டிசம்பர் முழுக்க எங்களை ஏமாற்றிவிட்டு, ஜனவரி நடுவில் மொத்தப் பாக்கியையும் சேர்த்துக் கொட்டியது. மறுநாள் காலையில் ஜன்னல் அடி வரைக்கும் வெள்ளை. கரண்ட் போச்சு, டவர் போச்சு, ரோடு போச்சு. அக்கா பிழைத்தாளா, குழந்தை பிறந்ததா, ஒன்றும் தெரியாது. நானும் மூன்று பிள்ளைகளும் ஒரு விறகு அடுப்பும்.

மூத்தவள் ருத்பாவுக்கு ஒன்பது வயசு. அளந்து பேசுவாள், கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஹாஸிக், ஆறு வயசு, வாயில் எதுவும் தங்காது. கடைசியில் மிஸ்னா, சிவப்பு ஃபிரன் அங்கியைத் தரையில் இழுத்துக்கொண்டு ருத்பா பின்னாலேயே அலைவாள். நாற்பது பிள்ளைகளை மூச்சுவிடாமல் உட்கார வைக்கிறவள் நான், மூன்று பேர் எம்மாத்திரம் என்று நினைத்தேன். அந்தத் திமிர் காலை பத்து மணிக்கே இறங்கிவிட்டது.

என்னென்னவோ செய்து பார்த்தேன். வால்நட்டை வைத்து ஒற்றையா இரட்டையா விளையாடினோம், ஹாஸிக் தோற்றதும் ஆட்டக் காயை உடைத்துத் தின்றுவிட்டான். பழைய காலுறையில் கண் வைத்துப் பொம்மை செய்தேன், அதற்கு யார் குரல் கொடுப்பது என்று அடிதடி. ஆவி படிந்த ஜன்னலில் விரலால் படம் வரையச் சொன்னேன், அது கால் மணி நேரம் தாங்கியது. கதை சொன்னேன். இரண்டாவது கதையில் மிஸ்னா, "இதுல யாரும் சாகமாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். மணிக்கு ஒரு தடவை, அம்மா எப்போது வருவாள் என்ற கேள்வி. பதில் இல்லாத கேள்வியைப் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்னால் ஏதாவது விளையாட்டு கையில் இருந்தாக வேண்டும் எனக்கு. மதியத்துக்குள் சரக்கு தீர்ந்துவிட்டது.

அப்போதுதான் புதுப்பனி ஞாபகம் வந்தது.

முதல் பனி விழுந்தால் எங்களிடம் ஒரு பந்தயம் உண்டு. புதுப்பனியில் ஒரு பிடி எடுத்து, எதிலாவது சுற்றி மறைத்து, வேறு சாமான் போல அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஏமாந்து கையில் வாங்கிவிட்டால் வாங்கியவர் தோற்றார், கொடுத்தவர் கேட்டதைச் செய்ய வேண்டும். வாங்குவதற்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டால் கொடுக்க வந்தவர் மூஞ்சியில் அடுப்புக்கரி. பனி விழுந்த நாளில் எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் யாரிடமிருந்தும் லேசில் ஒன்றை வாங்கிவிட மாட்டார்கள். கதவைத் தட்டி மாமனார் கொடுத்தாலும், என்ன அது என்று தள்ளி நின்றுதான் கேட்போம்.

மூன்று பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன். இந்தப் பனி உருகும்வரை பந்தயம் உண்டு. என்னை ஏமாற்றுகிறவர் சொன்னபடி நான் ஒரு நாள் முழுக்கக் கேட்பேன். முன்வாசல் படியில் நின்று பனி எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான், வீடு அடங்கிவிட்டது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்தேன்.

ஹாஸிக் முதல் ஆளாக வந்தான். தேநீர்க் கெண்டியை இரண்டு கையாலும் நீட்டினான், அதன் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கரி. அடுத்து என் செருப்பைப் பாசமாகக் கொண்டுவந்து கொடுத்தான், உள்ளே பனி. மறுபடி கரி. மிஸ்னா நேராகவே வந்து, சித்தியை எங்கள் பக்கம் கூப்பிடுகிற மாதிரி, "மாசி, கண்ண மூடிக்கிட்டு கைய நீட்டு" என்றாள். அவளுக்கும் மூக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்தேன். அதற்கே அவள் உருண்டு உருண்டு சிரித்தாள். ருத்பா மட்டும் முயற்சி செய்யவில்லை. என்னையே கவனித்துக்கொண்டிருந்தாள். நான் எதை யோசிக்காமல் கையில் வாங்குகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஸூனா பால் கொண்டுவந்து சமையல்கட்டுக் கதவைத் தட்டினாள். நான் திறந்து வாங்கிக்கொண்டேன். அதை ருத்பா பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலை வெயில் வந்தது. நீல வானம், கண் கூசும் வெளிச்சம். ஸூனாவின் புருஷன் ரம்ஜான் காக்கா தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து கத்தினார்.

"பொண்ணே, சமையல்கட்டுப் பக்கம் யாரையும் விடாதே. வெயில் பட்டாச்சு, கூரை இன்னிக்கு எறங்கும்."

சரி என்றேன். எனக்கு இது தெரியாத விஷயமில்லை. தகரக் கூரைக்குக் கீழே பிறந்து வளர்ந்தவள் நான். முன்வாசல் பக்கம் கூரை சரியாத முக்கோணச் சுவர், அங்கே ஒன்றும் விழாது. சமையல்கட்டுக் கதவோ சரிவுக்கு நேர் கீழே. மூன்றடிப் பனி, உள்ளேயிருந்து அடுப்புச் சூடு, மேலேயிருந்து வெயில். எந்த நிமிஷம் வழுக்கும் என்று சொல்ல முடியாது, வழுக்கினால் மொத்தமும் வரும். கதவுக்குத் தாழ் போட்டேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு, இந்தக் கதவை யாரும் திறக்கக் கூடாது என்று கண்டித்துச் சொன்னேன். கதவைத் திறக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். அந்தப் பக்கம் போகவே கூடாது என்று சொன்னேனா என்றால், சொல்லவில்லை. போகமாட்டார்கள் என்று நினைத்தேன். டீச்சர் ஒன்று சொன்னால் பிள்ளைகள் அதை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்தரை மணி இருக்கும். மதியச் சமையலுக்கு வைத்திருந்த சுரைக்காய் வற்றலை ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். கீழே, முழங்கால் உயரத்தில், சின்னக் கையின் தட்டல்.

"யாரு?"

"நான்தான் ஸூனா. பால் கொண்டாந்திருக்கேன்." தொண்டையைக் கட்டி, பெரிய மனுஷி குரலில்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கதவருகே போய்த் தாழின் மேல் கை வைத்து அழுத்திக்கொண்டேன். எங்கள் வீட்டில் பால் நிறைய இருக்கு, ஸூனா, நீயே குடிச்சுக்கோ என்றேன்.

பிறகு, "மாசி, தெற. கை குளிருது."

அடிப்பாவி, என்ன நடிப்பு என்று நினைத்தேன். நினைத்ததை இங்கே அப்படியே எழுதுகிறேன். குழந்தை குளிருகிறது என்கிறாள், நான் கதவில் சாய்ந்துகொண்டு ஜெயித்த சந்தோஷத்தில் நிற்கிறேன். அவள் எங்கே நிற்கிறாள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. கதவைத் திறக்கக் கூடாது என்று நானே போட்ட சட்டத்துக்காகத்தான் திறக்கவில்லை என்று பிற்பாடு சொல்லியிருக்கலாம். அது பொய். திறந்தால் தோற்றுவிடுவேன். அதற்காகத்தான் திறக்கவில்லை.

"மாசி, நெஜமா குளிருது."

"அப்போ வந்த வழியே ஓடு. முன்வாசல்ல வந்து மூஞ்சியக் காட்டு, கரி ரெடியா இருக்கு."

நான் சொல்லி முடித்தேனா என்று கூடத் தெரியாது. தலைக்கு மேலே தகரம் நீளமாகக் கரகரத்தது. பிறகு வீடே ஒரு குலுங்கு குலுங்கியது. சமையல்கட்டு இருட்டாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே இருந்த வெயில் காணாமல் போய், அங்கே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு நின்றது. என் உள்ளங்கையில் தாழ் இன்னும் இருந்தது.

அப்புறம்தான் திறந்தேன். அப்புறம்தான் அந்த வெள்ளைக் கதவு.

கையால் தோண்டினேன். கூரையிலிருந்து இறங்கும் பனி, விழும் பனி போல இருக்காது. இறுகி, ஈரமண் போலக் கனக்கும். நகம் பெயர்ந்தது. சோற்றுத் தட்டை எடுத்துச் செதுக்கினேன். செதுக்கச் செதுக்க மேலேயிருந்து சரிந்து வாசலை அடைத்தது. மிஸ்னா, மிஸ்னா என்று கூப்பிட்டேன் என்று ஹாஸிக் பிற்பாடு சொன்னான், எனக்கு ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான். கூப்பிடுவதை நிறுத்திக் காதை வைத்துக் கேட்டபோது ஒரு சத்தமும் இல்லை. அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே கிடையாது.

ருத்பா எனக்குப் பின்னாலிருந்து ஓடினாள். காலில் ஒன்றுமில்லாமல் முன்வாசல் வழியாகப் பனியில் இறங்கி, ரம்ஜான் காக்கா, ரம்ஜான் காக்கா என்று அலறிக்கொண்டே போனாள். அவள் எங்கேயிருந்து ஓடி வந்தாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. ஹாஸிக் கன்னத்தில் நேற்றைய கரியோடு சுவரோரம் நின்றுகொண்டு, பந்தயம் முடிஞ்சிடுச்சா என்று கேட்டான்.

ரம்ஜான் காக்காவும் அவர் மகன் ஃபயாஸும் பனி தள்ளும் மரத் துடுப்புகளோடு வந்தார்கள். வீட்டுச் சுவர் நீளத்துக்கும் ஆள் உயரக் குவியல். எங்கே தோண்டுவது என்று காக்கா திகைத்துப்போய் மகனிடம் கேட்டது உள்ளே நின்ற எனக்கும் கேட்டது. கதவுக்கு நேரே என்று கத்தினேன். காக்கா கேட்கவில்லை. இறங்கும் பனி நேரே விழாது, தள்ளிக்கொண்டு போகும் என்று சொல்லி கதவுக்கு எதிரே விறகு அடுக்கி வைத்திருந்த பக்கமாகப் போனார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம், இந்தக் கிழவன் என் குழந்தையைக் கொல்லப் போகிறான் என்று. அவளைக் கொன்றது யார் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான், ஆனாலும் அவர்மேல் கோபப்பட்டேன். மனுஷ புத்தி அப்படி.

உள்ளேயிருந்து தோண்டாதே, சரிச்சுடுவே என்று ஃபயாஸ் கத்தினான். நிறுத்தினேன். நிறுத்திவிட்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. முன்வாசலால் ஓடி, சுற்றிக்கொண்டு போய், அவர்கள் வெட்டிப் போட்டதைக் கையால் வாரி எறிந்தேன். ஸூனா ஏதோ ஓதிக்கொண்டே என் பக்கத்தில் வாரினாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால், காக்கா பிற்பாடு சொன்னது கால் மணி நேரம்.

துடுப்பு விறகில் இடித்தது. கட்டைகளுக்கு நடுவே ஒரு பொந்து, அதில் சிவப்பாக ஒரு துணி முனை. ஃபயாஸ் துடுப்பை எறிந்துவிட்டுத் தலையை உள்ளே விட்டு, இரண்டு கையாலும் இழுத்தான். பனி அவளை அடுக்கின் மேல் மோதிவிட்டிருந்தது, சரிந்த கட்டைகள் அவள் முகத்துக்கு மேலே குறுக்காக நின்றுவிட்டன. அந்த ஒரு சாண் இடத்துக் காற்றை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் இருந்திருக்கிறாள். முகம் சாம்பல் நிறம். உதடு நீலம். இமையில் பனி உருகாமல் இருந்தது.

ஸூனா அவளைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். வாயில் விரலை விட்டு அடைத்திருந்ததை எடுத்தாள். முதுகில் தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள். நான் பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது தட்டலில் ஒரு இருமல் வந்தது. கோழிக்குஞ்சின் சத்தம் அளவுக்குத்தான் இருக்கும்.

அடுப்பு அறையில் என் ஃபிரனுக்குள், வெறும் உடம்போடு உடம்பாக அவளை வைத்துக் கட்டிக்கொண்டேன். ஹாஸிக் ஓடிப்போய்க் கங்ரியைத் தூக்கி வந்தான். நெருப்புச் சட்டியைக் கிட்டக் கொண்டுவராதே, உடம்புச் சூடு போதும், மெதுவாத்தான் ஏத்தணும் என்று ஸூனா அதட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் நடுங்கத் தொடங்கினாள். நடுங்குவது நல்லது என்றார் காக்கா. அப்புறம் கண்ணைத் திறந்தாள். திறந்து என் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை, பேசவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மிஸ்னா, நான் மாசி, ஒரு வார்த்தை சொல்லு கண்ணு என்று கெஞ்சினேன். அவள் பேசிவிட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். பேசினால்தான் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரியும். அதே மூச்சில், எல்லாருக்கும் முன்னால் பேசிவிடக் கூடாதே என்றும் பயந்தேன். நான் அப்படி ஒரு ஆள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

உயிர் திரும்பியதும் ஸூனாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்தப் புள்ள அந்தப் பக்கம் எதுக்குப் போச்சு?"

ஹாஸிக் வாயில் எதுவும் தங்காது என்றேன் அல்லவா. "அக்காதான் அனுப்பிச்சா. நீ குட்டியா இருக்கே, உம்மேல மாசிக்குச் சந்தேகம் வராது, ஸூனா பெரியம்மா மாதிரி பேசுன்னு சொல்லிக் குடுத்தா. காலுறைக்குள்ள பனிய வச்சுக் குடுத்ததும் அக்காதான்."

ருத்பா கதவோரம் நின்றிருந்தாள். வெறுங்காலில் பனியில் ஓடியதில் பாதம் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை. ஸூனா எழுந்துபோய் அவளைப் பளார் என்று ஒரு அறை விட்டாள்.

"ஒம்பது வயசாச்சு. எங்க வீட்டு ஆம்பள காலைல தொண்டை கிழியக் கத்தினது உன் காதுல விழல? உனக்குப் போக பயம், அதனால சின்னதை அனுப்பினே. அப்படித்தானே?"

ருத்பா தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்த்தாள். நான் குனிந்து மிஸ்னாவின் தலையைத் துடைத்தேன்.

விடுங்க பெரியம்மா, சின்னப் புள்ள, தெரியாம செஞ்சுட்டா என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். மன்னிக்கிற குரலில், பெருந்தன்மையோடு. ஸூனா என் முதுகைத் தடவிக்கொடுத்து, நீ என்னம்மா பண்ணுவே பாவம், தனியா மூணு புள்ளைய வச்சுக்கிட்டு என்றாள். அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை.

ஒரு மணி நேரம் அப்படியே போனது. காக்கா உப்புத் தேநீர் போட்டார். மிஸ்னா இரண்டு கரண்டி குடித்தாள். விரலை அசைக்கச் சொன்னதும் அசைத்தாள். இன்னும் பேச்சு இல்லை. ருத்பாவுக்கு யாரும் தேநீர் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அடுப்புச் சூடு எட்டாத மூலையில், வீங்கிய காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். நடு நடுவே தலை தூக்கி என்னைப் பார்ப்பாள். நான் வேறெங்காவது பார்ப்பேன். சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். காக்கா போகட்டும் என்று நினைப்பேன். ஸூனா போகட்டும் என்று நினைப்பேன். அக்கா வந்ததும் அவளிடம் தனியாகச் சொல்லலாம் என்று நினைப்பேன். நாற்பது பிள்ளைகளை நிற்க வைத்து, செய்த தப்பை உடனே ஒத்துக்கொள்கிறவன்தான் தைரியசாலி என்று வருஷா வருஷம் பாடம் எடுக்கிறவள் நான்.

மதியம் ஃபயாஸின் போன் அடித்தது. டவர் வந்துவிட்டது. இம்தியாஸ். பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் சுகம். ஸ்பீக்கரில் அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது, சந்தோஷத்தில் திக்கித் திக்கி. ஸூனா வாழ்த்துகூடச் சொல்லவில்லை. அவளுக்கு மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது, நடந்ததை அப்படியே கொட்டிவிட்டாள். உயிரோட இருக்கா, கண்ணு தெறந்துட்டா, ஆனா உன் பெரிய மக செஞ்ச காரியம் இது என்று முடித்தாள்.

இம்தியாஸ், ருத்பாகிட்ட குடுங்க என்றார். ஃபயாஸ் போனை மூலைக்குக் கொண்டுபோய் அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"நீதான் அனுப்பினியா?"

"ஆமாப்பா."

"கூரை எறங்கும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்ப்பா. சீக்கிரம் உள்ள வந்துடுவான்னு நெனச்சேன்."

"நெனச்சியா." அவர் குரல் உடைந்துவிட்டது. "உங்கம்மா இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்கா. மிஸ்னா எங்கேன்னுதான் மொதல்ல கேட்டா. நான் என்னன்னு சொல்லட்டும்? நீயே சொல்லு. இரு, அவகிட்ட குடுக்கறேன், நீயே உன் வாயால சொல்லு."

அப்போதும் ருத்பா என்னைத்தான் பார்த்தாள்.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. ஃபிரனுக்குள் மிஸ்னாவைக் கட்டியபடியே போய்ப் போனைப் பிடுங்கினேன். ஆஸ்பத்திரிச் சத்தத்துக்கு நடுவே அக்காவின் குரல், மெலிசாக, "ருத்பா? என்னடி?"

"அக்கா, நான் நிகத். மிஸ்னா கதவுக்கு வெளிய நின்னு தட்டினா. குளிருது, தெறன்னு ரெண்டு தடவ கேட்டா. நான் உள்ள நின்னு சிரிச்சுக்கிட்டே தாழைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். நான் தெறந்திருந்தா அவ உள்ள வந்திருப்பா. ருத்பா இல்ல. நான்."

அக்காவுக்குப் பின்னால் ஒரு பச்சைக் குழந்தை அழுதது. போன் கட்டாயிற்றா, அவளே வைத்தாளா, இன்றுவரை நான் கேட்டதில்லை. அறையில் காக்கா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஸூனா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ருத்பாவின் கன்னத்தைப் பார்த்தாள், அவள் விரல் தடம் அதில் இன்னும் இருந்தது.

நான் ருத்பாவுக்கு முன்னால் மண்டியிட்டேன். மன்னிச்சுடு கண்ணு, உனக்குத் தெரியாது, தப்பு என்னோடது என்று ஏதோ உளறினேன்.

"தெரியும்" என்றாள் ருத்பா.

எனக்கு விளங்கவில்லை. என்ன தெரியும் என்றேன்.

"நான் மாடிப்படியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், மாசி. நீ ஏமாறுறதப் பாக்கணும்னு வந்து நின்னேன். அவ கேட்டது, நீ தாழைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சது, எல்லாம் பாத்தேன்."

அந்த ஒரு மணி நேரமும் என் உடம்புக்குள் திரும்பி வந்தது. கன்னத்தில் அறை விழுந்தபோது, அந்த மூலையில், அந்தப் போனுக்கு முன்னால், ஒவ்வொரு தடவையும் அவள் என்னைப் பார்த்த பார்வை.

"அப்போ ஏண்டி சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வது போலச் சொன்னாள். பிறகு எழுந்து, வீங்கிய காலைத் தாங்கித் தாங்கி வந்து, இரண்டு கையையும் நீட்டினாள். குடு என்றாள். நான் ஃபிரனைத் தளர்த்தினேன். மிஸ்னா தானாகவே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தாவினாள். ருத்பா அவளைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு, அடுப்புக்கு அந்தப் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மிஸ்னா தன் அக்காவின் காதோடு ஏதோ பேசினாள். இழுத்து எடுத்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. ருத்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், மெதுவாகப் பதில் சொன்னாள். நான் இருந்த இடத்துக்கு அது கேட்கவில்லை. என்ன சொன்னாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.